அப்பா பிபிஓவில் (ஓய்வூதிய ஆணையில்) அம்மா பெயர் 'செல்வி', ஆதாரில் 'தமிழ்ச்செல்வி': குடும்ப ஓய்வூதியத்துக்கு எங்கே தொடங்குவது?

செந்தில்_கே
அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். போன மாதம் 63 வயதில் இறந்துவிட்டார். ஓய்வூதியம் ஸ்பர்ஷ் (படையினர் ஓய்வூதிய இணையதளம்) வழியாக வந்துகொண்டிருந்தது. பிபிஓவில் அம்மா பெயர் 'செல்வி'. ஆதார், பான், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் 'தமிழ்ச்செல்வி'. அம்மாவின் பிறந்த தேதி பிபிஓவில் இல்லவே இல்லை. இந்த மாதமும் அப்பா கணக்கில் பணம் ஏறியிருக்கிறது. ஆதாரில் பெயரை 'செல்வி' என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்துவிடுமா? எவ்வளவு வரும்?

சுபேதார்_ரிடையர்டு
தம்பி, முதலில் அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள். ஏடிஎம் கார்டு வீட்டில்தான் இருக்கும், செலவும் இருக்கும், புரிகிறது. ஆனால் இறந்த நாள் வரைக்கும் உள்ளதுதான் குடும்பத்துக்குச் சேர வேண்டிய நிலுவை. மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியக் கணக்கு தொடங்குகிறது. அதற்குப் பிறகு அப்பா பெயரில் ஏறிய தொகையைத் திரும்பப் பிடிப்பார்கள். எடுத்துச் செலவழித்திருந்தால் அம்மாவின் முதல் தவணைகளில்தான் கழியும்.

இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே ஸ்பர்ஷில் இறப்பைப் பதிவு செய்யுங்கள். தளத்தில் சிரமமாக இருந்தால் பொதுச் சேவை மையத்துக்கோ ஸ்பர்ஷ் சேவை மையத்துக்கோ போங்கள். இறப்புச் சான்றிதழ், பிபிஓ, டிஸ்சார்ஜ் புக் (படையிலிருந்து விடுவிக்கும்போது தந்த பதிவுப் புத்தகம்), அம்மாவின் ஆதார், பான், அம்மா பெயரிலுள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாம் கையில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் புக்கின் அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நகல் போதும்.

ஆதாரை மாற்றவே வேண்டாம். மாற்றினால் பானும் வங்கிக் கணக்கும் அதோடு ஒத்துப்போகாது, ஒன்று மூன்றாகும். திருத்த வேண்டியது ராணுவப் பதிவேட்டைத்தான். அது அப்பாவின் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸ் வேலை. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், எம்இஜி (மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவு) என்றால் பெங்களூரு.

நலன்_உதவி
மேலே சொன்னது சரி. பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நம் ஊர்க் கோப்புகள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கின்றன. இனிஷியல் முன்னே இருப்பது, பின்னே இருப்பது, அப்பா பெயரே குடும்பப் பெயராக விரிந்து கிடப்பது என்று பல வகை. எழுத்துப் பிழை அளவில் இருந்தால் சீக்கிரம் தீரும். செல்வி, தமிழ்ச்செல்வி என்பதைக் கணினி இரண்டு பேராகத்தான் பார்க்கும்.

'இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும்' என்று பிரமாணப் பத்திரம் தயார் செய்யுங்கள். அதில் அப்பாவின் படை எண், பதவி, பெயர், பிபிஓ எண், இரண்டு பெயர்களும் எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் அந்தந்த ஆவணத்தில் இருப்பதுபோலவே வர வேண்டும். ஒரு இடைவெளி மாறினாலும் திரும்பி வரும். நாளிதழ் விளம்பரம் தேவையா, நோட்டரி போதுமா, மாஜிஸ்திரேட் முன்னிலையில் வேண்டுமா என்பதை ரெக்கார்ட் ஆபீசில் கேட்டுக்கொண்டு பிறகு செலவு செய்யுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகம் வழியாக அனுப்பினால் மேலொப்பமும் கிடைக்கும், அனுப்பியதற்குப் பதிவும் இருக்கும்.

பிறந்த தேதியையும் இதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள். இது சின்ன விஷயம் இல்லை. குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயதில் 20 சதவீதம், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100-இல் 100 சதவீதம் கூடுதலாக உண்டு. பதிவேட்டில் தேதி இல்லாவிட்டால் அந்த வயது வரும்போது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அலைய அம்மாவால் முடியுமா?

கணக்கர்_மதுரை
தொகைக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பின் இறந்தால், 7 ஆண்டு அல்லது அவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள், எது முந்தியோ அதுவரை உயர்த்தப்பட்ட விகிதம், அதாவது கணக்குக்கு எடுக்கும் ஊதியத்தில் 50 சதவீதம். பிறகு சாதாரண விகிதம் 30 சதவீதம். உங்கள் அப்பாவுக்கு 63 என்பதால் ஏறத்தாழ 4 ஆண்டுதான் உயர்ந்த விகிதம் கிடைக்கும். கணக்குக்கு எடுக்கும் ஊதியம் 40,000 என்று வைத்தால் 20,000, பிறகு 12,000. இரண்டுக்கும் மேல் அகவிலை நிவாரணம் தனி. நான்கு வருடம் கழித்துத் தொகை இறங்கும்போது பிழை என்று பதற வேண்டாம், இப்போதே அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியது) பிடித்தம் குடும்ப ஓய்வூதியத்தில் கிடையாது. ஊனமுற்றோர் கூறு (சேவையில் வந்த ஊனத்துக்காக ஓய்வூதியத்தோடு தரும் தொகை) வாங்கிக்கொண்டிருந்தால் அது அவரோடு நின்றுவிடும். ஆனால் சேவையால் வந்ததென்று ஏற்கப்பட்ட அதே நோய்தான் இறப்புக்குக் காரணம் என்றால் 60 சதவீத சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கோரலாம். இறப்புக் காரணம் எழுதிய மருத்துவச் சான்று அதற்குத்தான் வேண்டும். மருத்துவமனையில் இப்போதே வாங்கிவிடுங்கள்.

செந்தில்_கே
நன்றி ஐயா. ஊனமுற்றோர் கூறு எதுவும் இல்லை. அம்மாவின் இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு அப்படியே செல்லுமா?

சுபேதார்_ரிடையர்டு
அம்மா இப்போது அதில் 'சார்ந்தவர்'. முதன்மை உறுப்பினராக மாற்ற வேண்டும். இறப்புச் சான்றிதழோடு பாலிகிளினிக்கில் கேளுங்கள், அப்பாவின் கார்டை ஒப்படைக்கச் சொல்வார்கள். இன்னொன்று: ஓய்வின்போது ராணுவக் குழுக் காப்பீட்டில் நீட்டிப்புக்குப் பணம் கட்டியிருந்தாரா என்று பாருங்கள். அந்தச் சான்றிதழ் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் புக்கோடு அதே பைக்குள் மடித்துக் கிடக்கும். இருந்தால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஸ்பர்ஷுக்கும் அதற்கும் தொடர்பில்லை.