உற்சவர் திருமேனிகளை ஆவணப்படுத்துகிறோம்: களவு போனால் வெளிநாட்டிலும் செல்லுபடியாக என்னென்ன வேண்டும்?

ஊர்க்கோயில்_அறங்காவலர்
வணக்கம். மயிலாடுதுறைப் பக்கம் சின்ன சிவன் கோயில். செப்புத் திருமேனிகள் ஒன்பது: சோமாஸ்கந்தர், நடராசர், சிவகாமி, சந்திரசேகரர், அஸ்திரதேவர் (சூல வடிவம்), நால்வர். கையில் இருப்பதெல்லாம் திருவிழா அலங்காரப் படங்கள்தான். சொத்துப் பதிவேட்டைப் புதுப்பிக்கப் போகிறோம். கைபேசியில் எடுத்தால் போதுமா? எத்தனை படம், எந்தக் கோணம்? எடை அவசியமா? பீடத்தின் அடியைப் படம் எடுக்கக் குருக்கள் தயங்குகிறார்.

வார்ப்பும்_உளியும்
அலங்காரப் படத்தை வைத்து அடையாளம் காட்ட முடியாது ஐயா. பட்டும் மாலையும் சாத்திவிட்டால் எல்லாச் சந்திரசேகரரும் ஒன்றுபோலத்தான் தெரிவார். திருமஞ்சனம் முடிந்து, ஈரம் ஒற்றியெடுத்து, சாத்துப்படி தொடங்கும் முன் கிடைக்கிற நேரத்தில் எடுத்துவிடுங்கள். குருக்களே திருமேனியைத் திருப்பிக் கொடுக்கட்டும், வேறு யாரும் தொட வேண்டியதில்லை. அபிஷேகத்துக்கு எடுத்து வைக்கும்போது எப்படியும் சாய்க்கிறார்கள், அப்போதே அடிப்பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.

கைபேசி தாராளமாகப் போதும். ஃபிளாஷ் வேண்டாம், செம்பு பளிச்சென்று மினுங்கி உளி வேலை எல்லாம் மறைந்துவிடும். காலை வெயில் நேராக விழாத நிழல், பின்னால் ஒரே நிறத் துணி. பக்கத்தில் போய் எடுத்தால் முகம் பெருத்துக் கால் சிறுத்துவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு பெரிதாக்கி எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஒரு அளவுகோல் தெரிய வேண்டும்.

ஒரு திருமேனிக்கு 14 படம்: நான்கு பக்கம், நான்கு முக்கால் கோணம், முகம், தலைக்குப் பின்னால் உள்ள சிரசக்கரம், கைகள், பீடத்தின் முன், பின், அடி. இதற்கு மேல் குறை ஒவ்வொன்றுக்கும் தனிப்படம். இந்தக் குறைப் படங்கள்தான் நாளைக்கு வழக்கை நிலைநிறுத்தும். மெழுகு வார்ப்பில் மண் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்கிறார்கள், ஆகவே அச்சு அசலாக இரண்டு இருக்க வாய்ப்பில்லை. வார்ப்பில் விழுந்த குழி, ஒட்டுப் போட்ட இடம், மழுங்கிய மூக்கு, ஒடிந்த விரல், பீடத்து வளையங்களின் தேய்மானம் எல்லாம் கைரேகை மாதிரி. நடராசரைச் சுற்றியுள்ள திருவாசி வளையத்தின் சுடர்களை எண்ணி, உடைந்த சுடர் எத்தனை மணி இடத்தில் என்று கடிகாரக் கணக்கில் எழுதுங்கள். சடைக்கற்றை வலத்தில் எத்தனை, இடத்தில் எத்தனை, கங்கை எந்தக் கற்றையில், காலடியில் கிடக்கும் முயலகன் முகம் எந்தப் பக்கம் என்பதும் வேண்டும்.

படத்துக்காகப் புளி போட்டோ பொடி போட்டோ தேய்த்துவிடாதீர்கள். பச்சைக்களிம்பும் சேர்ந்தே போய்விடும், அதுவும் சாட்சிதான்.

பதிவேட்டுக்காரன்
மேலே சொன்னதோடு எடையும் கண்டிப்பாக வேண்டும். மேடைத் தராசில், ஆபரணம், கவசம், திருவாசி எல்லாம் கழற்றிவிட்டு எடுங்கள். திருவாசிக்குத் தனி எடை. உயரம் பீடத்தோடும் பீடமில்லாமலும் மில்லிமீட்டரில். எடை எதற்கென்றால், அசலை எடுத்துக்கொண்டு அதே உருவில் புதிதாக வார்த்த போலியை வைத்துவிடுவதும் நடக்கிறது. தீபாராதனை வெளிச்சத்தில் கண் ஏமாறும், தராசு ஏமாறாது. பழைய பதிவேட்டோடு ஒப்பிடும்போது மட்டும் நிதானம் தேவை. 'சுமார்' என்று எழுதியதும், கவசத்தோடு நிறுத்ததும் பழைய ஏடுகளில் கலந்தே இருக்கும்.

பதிவேட்டில் ஏறியிருப்பதற்கு வெளிநாட்டில் என்ன மதிப்பு என்று கேட்டீர்கள். யுனெஸ்கோவின் 1970 உடன்படிக்கையில் 7ஆம் பிரிவு இருக்கிறது. இந்தியா 1977இல் ஏற்றது. கோயில் போன்ற இடத்தில் திருடிய பொருளை இறக்குமதி செய்யத் தடை, திருப்பித் தரவும் வழி என்கிறது. ஆனால் அந்தப் பொருள் அந்த இடத்தின் பதிவேட்டில் இருப்பது ஆவணப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆதாரம் கொடுக்கும் பொறுப்பும் கேட்கிற நாட்டுக்கே. உங்கள் 9 திருமேனிக்கும் வரிசை எண் கொடுத்து, அந்த எண் எழுதிய சீட்டு படத்திலும் தெரியும்படி வைத்து எடுங்கள். படம் ஒரு பக்கம், பதிவேடு ஒரு பக்கம் என்று இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த இடைவெளிக்குள்தான் நுழைவார்.

பழைய படம் எவ்வளவு பேசும் என்பதற்கு ஆனந்தமங்கலம் போதும். 1978இல் ராஜகோபாலசுவாமி கோயிலிலிருந்து களவு போன ராமர், லட்சுமணர், சீதை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1958இல் எடுத்த படங்களால் அடையாளம் தெரிந்து 2020இல் லண்டனிலிருந்து திரும்பினார்கள். ஸ்ரீபுரந்தான் நடராசருக்கும் அப்படித்தான். 1970-லேயே இந்தியாவில் ஒருவர் விலைக்கு வாங்கியதாகப் பொய்க் காகிதம் காட்டி, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகத்துக்கு 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்றார்கள். அதே திருமேனி 1994இல் கோயிலுக்குள் இருந்ததை அந்தப் புதுச்சேரி நிறுவனத்தின் படமே காட்டிவிட்டது. 2014இல் திரும்பி வந்தார். உங்கள் கோயிலுக்கும் அங்கே படம் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள், இன்றே கேளுங்கள்.

ஊர்க்கோயில்_அறங்காவலர்
மிக்க நன்றி. ஒருவேளை களவு போய்விட்டால் முதலில் என்ன செய்வது? படங்களை முகநூலில் போட்டு வைத்தால் பாதுகாப்புதானே?

சிலைமீட்பு_வாசகர்
முகநூலில் போடாதீர்கள். எத்தனை திருமேனி, எவ்வளவு உயரம் என்று திருடனுக்கு நாமே பட்டியல் கொடுத்த மாதிரி ஆகும்.

களவு தெரிந்ததும் பூட்டு, தரை, கதவு எதையும் தொடக்கூடாது. பரிகார பூஜைகூடத் தடயம் எடுத்த பிறகுதான். காவல் நிலையத்தில் புகார் வந்தது என்று மட்டும் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை வேண்டும். அதில் "சாமி சிலை 3" என்று எழுதவிடாமல், பதிவேட்டு எண், உயரம், எடை, குறை விவரத்தோடு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லி, படங்களை இணைப்பாகக் கொடுங்கள். நகலை சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கும் அறநிலையத் துறை உதவி ஆணையருக்கும் அனுப்புங்கள். இன்டர்போலின் களவுப்பொருள் பட்டியலில் நாம் நேரே ஏற்ற முடியாது. இந்தியாவில் சி.பி.ஐ. வழியாகத்தான் போக வேண்டும், அதற்கு அறிக்கை தெளிவாக இருக்க வேண்டும். ஏறிய பிறகு ஐடி-ஆர்ட் என்ற இலவசச் செயலியில் உலகத்தில் எந்தச் சுங்க அதிகாரியும், வாங்க வருகிறவரும் தேடிப் பார்க்கலாம்.

ஏல நிறுவனத்தின் தளத்தில் உங்கள் திருமேனி மாதிரி ஒன்றைப் பார்த்தால் விற்பவருக்கு எழுதவே கூடாது. பொருளைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டு ஒளித்துவிடுவார்கள். பக்க முகவரி, ஏல எண், தேதி தெரியும்படி திரையைப் படம் பிடித்து, பெரிய அளவுப் படங்களை இறக்கி வைத்துக்கொண்டு காவல்துறையிடம் கொடுங்கள்.

வார்ப்பும்_உளியும்
படங்களை வைக்கும் விஷயத்தில் ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது படத்தைச் சுருக்கி, எடுத்த தேதி விவரத்தையும் கழற்றிவிடும். மூலக்கோப்பை அப்படியே இரண்டு வன்தட்டில் ஏற்றி, ஒன்று கோயிலுக்கு வெளியே இருக்கட்டும். அச்சுப்படி ஒன்று எடுத்துக் குருக்கள், அறங்காவலர், செயல் அலுவலர் மூவரும் தேதியோடு கையெழுத்திட்டுப் பதிவேட்டோடு சேர்த்துத் தையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அதே பட்டியலை வைத்து நேரில் சரிபாருங்கள்.

அஸ்திரதேவரை விட்டுவிடாதீர்கள். சின்ன மேனி, பையில் அடங்கும். அவருக்கும் அதே 14 படம்.