டெர்மினலில் ஓடுகிறது, கிரானில் கீஎரர்

மாரத்தஹள்ளிவாசி:
எங்கள் அபார்ட்மென்ட்டில் தண்ணீர் டேங்கர் கணக்கு என் தலையில். எத்தனை வண்டி வந்தது என்று தினமும் காலை 6 மணிக்கு டெலிகிராம் குழுவுக்கு அனுப்ப ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். பாட் டோக்கனை (டெலிகிராம் பாட்டின் ரகசியச் சாவி) .பாஷ்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பின் கடைசி வரியில் சூழல் மாறியாக எக்ஸ்போர்ட் செய்து, பைத்தானில் ஓஎஸ்.என்விரான் வழியாக எடுக்கிறேன். உபுண்டு 22.04. கையால் ஓட்டினால் போகிறது. குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் போட்டால் லாகில் 'கீஎரர்', அதாவது அந்தப் பெயரில் மாறியே இல்லையாம். மூன்று நாளாகச் செகரட்டரி மாமா துளைக்கிறார்.

அல்சூர் அண்ணாச்சி:
தம்பி, கிரான் .பாஷ்ஆர்சி பக்கமே எட்டிப் பார்க்காது. டெர்மினல் திறக்கும்போது அதைப் படிப்பது பாஷ் என்ற ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்). கிரான் கிளப்புவது எஸ்ஹெச் என்ற வேறு ஷெல். அதன் கையில் ஹோம், பாத் மாதிரி நாலைந்து சூழல் மாறிகள்தான். நம்பிக்கை இல்லையென்றால் கிரானில், மாறிகளைப் பட்டியலிடும் 'என்வ்' கட்டளையை ஓடவிட்டு, வருவதை ஒரு கோப்பில் எழுதிப் பாருங்கள்.

மின்னல்வரி:
ஓஎஸ்.என்விரானுக்குப் பதிலா ஓஎஸ்.கெட்என்வ் போடுங்க, எரரே வராது.

அல்சூர் அண்ணாச்சி:
வராதுதான். ஆனால் டோக்கன் இடத்தில் 'நன்' (மதிப்பே இல்லை) போய் உட்காரும். இங்கே விழுகிற எரர் டெலிகிராமில் போய் விழும், அவ்வளவுதான். டோக்கன் இல்லாவிட்டால் ஓடவே கூடாத ஸ்கிரிப்டுக்குக் கீஎரர்தான் நல்லது.

மாரத்தஹள்ளிவாசி:
அண்ணா, கிரான் வரியிலேயே முதலில் .பாஷ்ஆர்சியை ஏற்றிப் பார்த்தேன். அப்பவும் அதே கீஎரர்.

அல்சூர் அண்ணாச்சி:
உபுண்டுவில் அந்தக் கோப்பின் தொடக்கத்திலேயே ஒரு கேஸ் (நிபந்தனைச் சோதனை) இருக்கும், திறந்து பாருங்கள். ஆள் உட்கார்ந்து தட்டாத ஷெல் என்றால் அங்கேயே திரும்பிவிடும். கடைசி வரியை யார் படித்தது? டோக்கனுக்குத் தனிக் கோப்பு வையுங்கள், அனுமதி 600 (உங்களுக்கு மட்டும் படிக்க, எழுத). எக்ஸ்போர்ட் என்ற சொல் கட்டாயம். இல்லாவிட்டால் மதிப்பு ஷெல்லோடு நின்றுவிடும், பைத்தானுக்குப் போகாது. சமக்குறிக்கு இருபக்கமும் இடைவெளி கூடாது. கிரான் வரியில் அந்தக் கோப்பை ஏற்றும்போது 'சோர்ஸ்' கட்டளை வேண்டாம், உபுண்டுவின் எஸ்ஹெச்சுக்கு அது தெரியாது. ஒற்றைப் புள்ளி போதும்.

மாரத்தஹள்ளிவாசி:
கீஎரர் போச்சு. ஆனால் டெலிகிராம் டோக்கனை ஏற்க மாட்டேன் என்கிறது. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டேன்.

மின்னல்வரி:
கோப்பை விண்டோஸில் தட்டினீங்களா? பைத்தானின் ரெப்ர் வைத்து டோக்கனை அச்சிட்டுப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் தெரியும். பார்த்ததும் லாகை அழிச்சிடுங்க, இங்கே ஒட்டிடாதீங்க.

மாரத்தஹள்ளிவாசி:
அதேதான்! ஆபீஸ் லேப்டாப் நோட்பேட். டோக்கன் வாலில், விண்டோஸ் வரிமுடிவில் வைக்கும் '\ஆர்' ஒட்டியிருந்தது. அதை நீக்கும் டாஸ்டூயூனிக்ஸ் ஓட்டினேன். இன்று 6 மணிக்கு 'நேற்று 3 டேங்கர்' என்று வந்துவிட்டது. மாமா இப்போது மூன்றாவது வண்டிக்கு ரசீது எங்கே என்கிறார்.