மறு: கப்ரிச்சோவுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். கப்ரிச்சோ என்பது நிஜத்தையும் கற்பனையையும் கலந்து, இல்லாத கட்டடக் காட்சியை உள்ளதுபோல் காட்டும் ஓவிய வகை.

> கப்ரிச்சோ = இடிபாட்டு ஓவியம் என்று வைத்துக்கொண்டால் என்ன?

வைக்கலாம், ஆனால் இரண்டு பக்கமும் இடிக்கும். 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கலைஞர் பிரானேசி ரோம் நகரக் காட்சிகளைச் செப்புத்தகட்டில் பொறித்து அச்சிட்டார். இடிந்த கொலோசியம் இடிந்தபடியே அதில் நிற்கிறது. ஆனாலும் அது கப்ரிச்சோ அல்ல. உள்ள இடத்தைக் காட்டும் அந்த வகைக்கு இத்தாலியில் வெதூத்தா என்று பெயர். (அளவை ஊதிக் காட்டுவதில் பிரானேசி கில்லாடி, அது வேறு கதை.) மறுபக்கம் வெனிஸ் ஓவியர் கனலெட்டோ. கட்டடக்கலைஞர் பல்லாடியோ திட்டம் வரைந்து, கட்டப்படாமலே போன ரியால்டோ பாலத்தை வெனிஸில் கட்டி முடித்ததுபோல் வரைந்தார். அது கப்ரிச்சோ, இடிபாடு துளியும் இல்லை.

> அப்படியானால் கற்பனை ஓவியம்?

அதுவும் ஒட்டவில்லை. ஓவியர் பானீனி (நம் இலக்கணப் பாணினி அல்ல) ரோமில் வெவ்வேறு மூலைகளில் இருக்கும் பாந்தியன், கொலோசியம், திராயான் தூண் ஆகியவற்றை ஒரே படத்தில் அக்கம்பக்கமாக நிறுத்துவார். ஊர் பார்க்க வந்த பணக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். கட்டடங்கள் எல்லாம் நிஜம். சேர்த்து வைத்ததுதான் பொய்.

ஆகவே என் பரிந்துரை புனைகாட்சி. வெதூத்தாவுக்கு இடக்காட்சி. புனைகதை, புனைபெயர் பழகியவர்களுக்கு இது தானாகப் புரியும். 'புனையோவியம்' மட்டும் வேண்டாம்: நெடுநல்வாடையின் 'புனையா ஓவியம்' வண்ணம் தீட்டாத கோட்டுப்படம், ஆகவே புனைந்தது என்றால் தீட்டி முடித்தது என்று ஆகிவிடும்.

இடிபாடுள்ளவற்றைத் தனியாகச் சொல்ல 'சிதிலப் புனைகாட்சி'. இடிபாடு என்றாலே நிலநடுக்கச் செய்திதான் நினைவுக்கு வருகிறது. சிதிலம் என்றால் காலம் மெல்லத் தின்றது. வடசொல் என்ற ஆட்சேபம் வரும், தெரியும். கோயில் திருப்பணி அறிவிப்புகளில் புழங்குவதால் எனக்குச் சம்மதமே.

சோதித்துப் பார்க்க பிரெஞ்சு ஓவியர் யூபேர் ரொபேரின் 1796 ஓவியம் ஒன்று போதும். லூவர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்களில் ஒருவராக இருந்தவர், நன்றாக நின்றுகொண்டிருந்த அதன் பெருங்கூடத்தையே கூரை பெயர்ந்த பாழாக வரைந்தார். இடிபாட்டு ஓவியம் என்றால் அந்தக் கூடம் உண்மையிலேயே இடிந்ததாக வாசகர் நினைப்பார். சிதிலப் புனைகாட்சி என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

அப்புறம், இசையிலும் கப்ரிச்சோ உண்டு. அங்கே காட்சி எதுவும் இல்லாததால் ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாம். மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள்.