வெள்ளிக்கிழமை ஆனால் நின்றுபோகும் தொரை பங்களா கடிகாரம்

சுங்கைப்பட்டாணி டீச்சர் எழுதியது:

வணக்கம். ஒரு கடிகாரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளும். முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் கத்தியவள், எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

அப்பா சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. எழுபதுகளில் தொரை சீமைக்குக் கிளம்பியபோது பங்களா சாமான்களை விற்றார்கள். மற்றவர்கள் ஐஸ்பெட்டி, கட்டில் என்று எடுக்க, அப்பா ஆளைவிட உயரமான இந்தக் கடிகாரத்தை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "அது சோறு போடுமா?" என்று அம்மா அன்றைக்குக் கேட்ட கேள்வியை இன்றுவரை கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசை சாப்பிட்டுக் கை கழுவியதும் சாவி கொடுப்பது அப்பாவின் வேலை. வேறு யாரும் தொடக்கூடாது.

அப்பா போன வருஷம் தவறிவிட்டார். தம்பி பெண்டுலத்தையும் ஈயக்குண்டு இரண்டையும் கழற்றி, பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். நானும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத்தான் சாவி கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு நின்றுவிடுகிறது! ஒரு வாரம் இரண்டு வாரம் இல்லை, ஆறு வாரமாக. சனிக்கிழமை பெண்டுலத்தைத் தள்ளிவிட்டால் ஒரு மணி நேரம் ஓடி மறுபடியும் நிற்கும். ஞாயிறு சாவி கொடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். "உங்கப்பாவுக்கு இந்த வீடு பிடிக்கல" என்கிறார் அம்மா. பக்கத்து வீட்டு அக்கா பூசாரி நம்பரே அனுப்பிவிட்டார். இது போக, ஒரு நாளைக்கு 2 நிமிஷத்துக்கு மேல் பின்தங்குகிறது. தோட்டத்தில் இருந்தபோது இப்படி இல்லை.

இரண்டு பேரைக் கேட்டுவிட்டேன். வாட்ச் கடைக்காரர் ஒருவர், பேட்டரி மெஷின் போட்டுத் தருகிறேன், 280 வெள்ளி (ரிங்கிட்), பழைய மெஷினை நானே எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வந்து, முகப்பில் லிவர்பூல் என்று எழுதியிருக்கிறது, பின்னால் இரும்புத் தகட்டில் 'ஆஸ்போர்ன், பர்மிங்ஹாம்' என்று இருக்கிறது, ஆகவே இது ஒட்டுப் போட்ட சாமான், 400 வெள்ளிக்கு மேல் பெறாது என்றார்.

முகப்பு வெள்ளைப் பெயின்ட். நான்கு மூலையிலும் ஸ்ட்ராபெரிப் பழம் வரைந்திருக்கிறது. மேலே வளைவுக்குள் நிலா. கடைக்காரர் பெயர் பாதிதான் தெரிகிறது. மீதி ஒரு ஆடி வெள்ளியில் போய்விட்டது: அம்மா குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்தபோது பெண்டுலத் தட்டையும் தேய்த்து, அதே கையோடு முகப்பையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டார்.

பேட்டரி போட்டுவிடலாமா?

கெப்போங் மாமா எழுதியது:

மெஷின் காய்ஞ்சு போயிருக்கும் டீச்சர். ஹார்ட்வேர் கடையில ஸ்ப்ரே எண்ணெய் டப்பா வாங்கி எல்லாச் சக்கரத்துக்கும் நல்லா அடிங்க. அதுக்கும் அடங்கலன்னா பேட்டரிதான் லா. இந்தக் காலத்துல யாரு சாவி கொடுத்துக்கிட்டு இருக்கா?

பழைய சாவி எழுதியது:

கெப்போங் மாமா, கோவிச்சுக்காதீங்க. ஸ்ப்ரே மட்டும் வேணாம். சக்கரத்துப் பல்லுல எண்ணெயே படக்கூடாது. படுற தூசி எல்லாம் அதுல ஒட்டி, உப்புத்தாள் மாதிரி பல்லைத் தின்னுடும். அச்சு வந்து தகட்டுல உட்கார்ற ஓட்டைக்கு ஒரு ஊசிமுனை அளவு போதும்.

டீச்சர், நான் ஜார்ஜ்டவுன்ல பதினேழு வயசுல கடிகார வேலைக்குப் போனவன். 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்பத்துல எல்லாரும் அரை மணி முன்னால தள்ளினோமே, அன்னிக்கு முதலாளி என்னை சைக்கிள்ல வீடு வீடா அனுப்பினாரு. இந்த மாதிரி கடிகாரம் இருந்த பெரிய வீடுங்கள்ல அவங்களே முள்ளைத் தொடப் பயந்தாங்க. சரி, விஷயத்துக்கு வரேன்.

உங்க கடிகாரம் வெள்ளிக்கிழமை நிக்கல. சாவி கொடுத்த அஞ்சரை நாள்ல நிக்குது. புதன்கிழமை காலையில கொடுத்துப் பாருங்க, திங்கக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கு நிக்கும். அப்பாவை விட்டுடுங்க, பாவம்.

இது எட்டு நாள் மெஷின். நரம்புக் கயிறு சுத்தியிருக்கிற உருளை 12 மணி நேரத்துக்கு ஒரு சுத்து, எட்டு நாளைக்கு 16 சுத்து. கயிறு கப்பி வழியா மடிஞ்சு வர்றதால ஒரு சுத்துக்குக் குண்டு ஏழெட்டு சென்டிமீட்டர் இறங்கும். ஞாயிறு காலையிலேருந்து வெள்ளி சாயந்தரம் வரைக்கும் 11 சுத்து, கணக்குப் போட்டுக்குங்க. அந்த நேரத்துல குண்டு தொங்குற நீளம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆகிடும். பெண்டுலமும் ஒரு மீட்டர்தான். ஒரு பக்கம் போக ஒரு செகண்ட்ன்னா நீளம் 99 சென்டிமீட்டர் சொச்சம், எந்தக் கம்பெனி செஞ்சாலும் அதேதான்.

ஒரே நீளத்துல தொங்குற ரெண்டு சாமான் ஒரே தாளத்துலதான் ஆடும். பெட்டி இம்மி அசைஞ்சா போதும், பெண்டுலத்தோட ஆட்டம் பெட்டி வழியா குண்டுக்குப் போய்ச் சேரும். குண்டு ஆட ஆரம்பிச்சுடும். அதை ஆட்டுற பலம் எங்கேருந்து வருது? பெண்டுலத்துக்கிட்ட இருந்து திருடினதுதான். பெண்டுலம் வீச்சு குறைஞ்சு குறைஞ்சு நிக்கும். பெண்டுலக் கடிகாரத்தைக் கண்டுபிடிச்ச ஹாய்கன்ஸ் 1665ல உடம்பு முடியாம படுத்திருந்தப்போ, ஒரே கட்டையில தொங்கின ரெண்டு கடிகாரத்தோட பெண்டுலம் ஒண்ணுக்கொண்ணு எதிரா சொல்லி வெச்ச மாதிரி ஆடறதைப் பார்த்தாரு. அதே சங்கதிதான் உங்க ஹால்ல நடக்குது.

வர்ற வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நடுக் கதவைத் திறந்து குண்டைப் பாருங்க. அப்புறம் பெட்டியோட தோள்ல ஒரு விரலை வெச்சு லேசா தள்ளிப் பாருங்க.

ஒட்டுப் போட்டதுன்னு சொன்னவருக்கு ஒண்ணு. வெள்ளை முகப்பு செய்யிறது தனித் தொழில். பர்மிங்ஹாம்ல ஆஸ்போர்னும் வில்சனும் 1772ல அதை விளம்பரம் பண்ணி விக்க ஆரம்பிச்சாங்க. பெயின்ட் அடிச்சு, சூளையில வாட்டி, பின்னால ஒரு வார்ப்பிரும்புத் தகடும் சேர்த்துக் கொடுப்பாங்க. எந்த மெஷினா இருந்தாலும் முகப்போட கால் அதுல பொருந்தத்தான் அந்தத் தகடு. அதுல முகப்பு செஞ்சவர் பேர் வார்ப்புலயே இருக்கும். வாங்கின ஊர்க் கடிகாரக்காரர் தன் பேரை முன்னால எழுதிக்குவாரு. அதனால லிவர்பூல் கடிகாரத்துக்கு பர்மிங்ஹாம் தகடு இருக்கறது நியாயம்தான். ரெண்டு பேரும் 1777ல பிரிஞ்சுட்டாங்க. உங்க தகட்டுல ஆஸ்போர்ன் பேர் மட்டும் இருக்குன்னா முகப்பு அதுக்கு அப்புறம் வந்தது.

கடைசியா எழுதுற பேர் சூளைக்குப் போகாது, மேலாக்க நிக்குற மை. அதான் அம்மா துணியோட போயிடுச்சு. இனிமே முகப்புல தண்ணி படக்கூடாது. புளி அதைவிட மோசம்.

மெஷினை எடுத்துக்கிட்டுப் போறேன்னு சொன்னாரே, அந்த வரியைத் திரும்பப் படிங்க டீச்சர். இருநூறு வருஷத்துப் பித்தளை மெஷினை வாங்கிக்கிட்டு, உங்ககிட்டயே 280 வெள்ளியும் வாங்கிக்கிறாரு.

சுங்கைப்பட்டாணி டீச்சர் எழுதியது:

வெள்ளிக்கிழமை பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இடது குண்டு ஆடிக்கொண்டிருந்தது! முதலில் கண்ணுக்கே தெரியவில்லை. கதவுச் சட்டத்தை ஒட்டி ஒரு அடிக்கோலைப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பெண்டுலம் வலப்பக்கம் போகும்போது குண்டு இடப்பக்கம். ஏழு மணிக்கு ஒரு விரல் அகலம் ஆடியது. ஏழே காலுக்கு நின்றுவிட்டது. அம்மா பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நான் சொல்லல?" என்றார்.

பெட்டியை விரலால் தொட்டேன். மேல்பாகம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறது. தோட்டத்து வீட்டில் பின்பலகையில் ஆணி இருந்ததாம், தம்பி இப்போதுதான் சொல்கிறான். இங்கே சுவரில் ஓட்டை போட வேண்டாம் என்று சும்மா நிறுத்தியிருக்கிறான்.

இன்னொன்று. பெண்டுலக் கம்பியில், தட்டின் மேல் விளிம்புக்கு நேராக இரண்டு கீறல் இருக்கிறது. கீழ்க்கீறல் ஆழமாக, ஒழுங்காக இருக்கிறது. மேல்கீறல் யாரோ பேனாக்கத்தியால் கிழித்த மாதிரி. "அதுதான் சரியான கோடு" என்று தம்பி கீழ்க்கீறலுக்கு வைத்துத் திருகியிருக்கிறான். இடைவெளி அளந்தேன், 3 மில்லிமீட்டர்.

மரத்தூள் எழுதியது:

நான் நிபோங் திபாலில் தச்சு வேலை செய்கிறேன், கடிகாரம் தெரியாது, பெட்டி தெரியும். சுவர் அடியில் ஸ்கர்ட்டிங் ஓடு இருக்கும், அதனால் பெட்டியின் கால் சுவரைத் தொட்டாலும் முதுகு தொடாது. அந்த இடைவெளி அளவுக்கு ஒரு கட்டையைச் சீவி, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், மெஷின் இருக்கும் உயரத்தில் வைத்து, பின்பலகை வழியாகச் சுவருக்கு ஒரே ஒரு ஸ்குரூ. வால் பிளக் போட்டு இறுக்குங்கள். பழைய ஆணி ஓட்டை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், இரண்டாவது ஓட்டை வேண்டாம். முதுகை முழுசாகச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள். நம் ஊர் ஈரத்துக்குக் காற்று போக வழி வேண்டும்.

மெஷின் உட்காரும் பலகைக்கு அடியில் இரண்டு பக்கமும் பாருங்கள். துண்டுக் கட்டை சொருகி உயர்த்தியிருந்தாலோ, பொருந்தாத பழைய ஆணி ஓட்டைகள் இருந்தாலோதான் பெட்டியும் மெஷினும் வேறு வேறு கடிகாரத்திலிருந்து வந்தவை என்று சந்தேகப்பட வேண்டும். பின்பலகை மட்டும் புது மரமாக இருந்தால் கவலை வேண்டாம். கரையான் முதலில் வாய் வைக்கிற இடம் அது, எத்தனையோ பெட்டிக்கு மாற்றியிருக்கிறேன்.

பழைய சாவி எழுதியது:

மரத்தூள் அண்ணே சொன்னது முழுக்கச் சரி. ஒரே ஒரு சேர்க்கை. ஸ்குரூ முடுக்கின அப்புறம் காதை வெச்சுக் கேளுங்க. டிக்-டாக், டிக்-டாக்னு சம இடைவெளியா வரணும். டிக்டாக்... டிக்டாக்னு நொண்டினா ஒரு பக்கக் காலுக்கு அடியில மெல்லிய அட்டை சொருகி சமமாக்குங்க. பெட்டி ரசமட்டத்துக்குச் சரியா நிக்குதான்னு ரொம்பப் பார்க்காதீங்க. கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் ஜூபிலி மணிக்கூண்டு, விக்டோரியா ராணியோட 60 வருஷத்துக்கு 60 அடின்னு 1897ல கணக்குப் போட்டது, உலகப் போர்ல விமானக் குண்டு விழுந்த காலத்துலேருந்து சாய்ஞ்சுதான் நிக்குது. சாய்ஞ்சு நிக்கறது பரவாயில்ல. ஆடக்கூடாது.

இப்போ அந்த ரெண்டு கீறல். டீச்சர், அதைப் படிச்சிட்டு நான் எழுந்து போய் ஒரு டீ போட்டுக்கிட்டு வந்தேன்.

1672ல ழான் ரிஷேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் வானத்தை ஆராய தென் அமெரிக்காவுல கயேன்ங்கிற ஊருக்குப் போனாரு. பாரிஸ்ல சரியா ஓடின பெண்டுலம் அங்கே ஒரு நாளைக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்குச்சு. பெண்டுலத்தைக் குட்டையாக்கின அப்புறம்தான் சரியாச்சு. எவ்வளவுங்கிறீங்க? 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பூமி நடுவுல பருத்திருக்கு, அங்கே சுத்துற வேகமும் ஜாஸ்தி, அதனால பூமத்திய ரேகைப் பக்கம் இழுக்குற சக்தி குறையும்னு அப்புறம் நியூட்டன் அதை வெச்சுத்தான் சொன்னாரு. கயேன் வடக்கே சுமார் 5 டிகிரி. பினாங்கும் 5 டிகிரி சொச்சம்தான்.

கீழ்க்கீறல் லிவர்பூல்ல ஓட்டிப் பார்த்தவன் போட்டதா இருக்கணும். அந்தக் கோட்டுல வெச்சா இங்கே ரெண்டு நிமிஷத்துக்கு மேல பின்தங்கியே ஆகணும், சூட்டுக்குக் கம்பி நீளறது தனியா ஏழெட்டு செகண்ட். மேல்கீறல் நம்ம ஊர்ல யாரோ பொறுமையா திருகித் திருகிப் பார்த்துப் போட்டது. உங்க அப்பாகிட்ட பேனாக்கத்தி இருந்துச்சா?

சுங்கைப்பட்டாணி டீச்சர் எழுதியது:

இருந்தது. கணக்குப் புத்தகத்துக்குப் பென்சில் சீவுகிற கத்தி, பிடி மஞ்சளாக இருக்கும்.

ஸ்குரூ போட்டாயிற்று, அண்ணனும் தம்பியும் மாதிரி இரண்டு பேரும் சொன்னபடியே. பலகைக்கு அடியில் ஒட்டுக் கட்டை ஒன்றும் இல்லை. தட்டை மேல்கீறலுக்கு ஏற்றினேன். இன்றைக்குச் சனிக்கிழமை, குண்டு இரண்டும் தட்டைத் தாண்டி இறங்கிவிட்டன, ஓடிக்கொண்டிருக்கிறது. ஆறு நாளில் 20 செகண்ட்தான் வித்தியாசம். நேற்று விளக்கு வைத்துவிட்டு அம்மா கடிகாரத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நின்றார். "ஸ்குரூ போட்டதும் கோவம் போயிடுச்சாக்கும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

நிலாதான் மூன்று நாள் பின்னால் இருக்கிறது. கையால் தள்ளலாமா?

பழைய சாவி எழுதியது:

தள்ளலாம். மேல்கூட்டை முன்பக்கமா இழுத்து எடுத்துடுங்க. நிலாத் தட்டோட ஓரத்துல 118 பல் இருக்கும், ஒரு நாளைக்கு ரெண்டு பல். விரலால முன்னால மட்டும் தள்ளுங்க, ஒவ்வொரு பல்லுக்கும் 'டக்'னு கேட்கும். ஆறு 'டக்' போதும். இறுக்கமா இருந்தா மெஷின் அந்த நேரம் அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், விட்டுட்டு மூணு நாலு மணி நேரம் கழிச்சு வாங்க.