கோடையில் கிணற்றுத் தண்ணீர் சவராகிறது: ஆழமாக்கலாமா?

கேள்வி
யாழ்ப்பாணம் புத்தூரில் வெங்காயத் தோட்டக் கிணறு. ஆழம் 9 மீட்டர், கோடையில் 3 மீட்டர் தண்ணீர் நிற்கும். மோட்டர் போட்டு ஒரேயடியாக 4 மணித்தியாலம் இறைக்கிறோம். இ.சி. மீட்டர் (தண்ணீரின் மின்கடத்துதிறனை, அதன் மூலம் உப்பின் அளவைக் காட்டுவது) மாரியில் 900 மைக்ரோசீமன்ஸ் காட்டும், சித்திரையில் 2,100. கல் உடைத்து இன்னும் 3 மீட்டர் இறக்கினால் நல்ல தண்ணீர் வருமா?

பதில் 1
தயவுசெய்து இறக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து மயோசீன் காலச் சுண்ணக்கல்லில் நன்னீர் உப்புநீருக்கு மேல் வில்லை போலக் கிடக்கிறது. உங்களுக்குப் பக்கத்து நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நன்னீருக்கும் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் இருக்கும். நீர்மட்டம் 10 செ.மீ. இறங்கி அப்படியே நின்றால் உப்பின் எல்லை காலப்போக்கில் 4 மீட்டர் ஏறிவிடும். இதுவும் சீரான மண்ணுக்கான கணக்குத்தான். இங்கே கல்லுக்குள் வெடிப்பும் குகையும் இருப்பதால் உப்பு அந்த வழியாக நேரே வந்து சேரலாம். ஆழமாக்கினால் நீங்களே அதை நெருங்கிப் போவீர்கள்.

பதில் 2
முதலில் அளந்து பாருங்கள். நீண்ட கேபிள் உள்ள இ.சி. மீட்டரை 1413 மைக்ரோசீமன்ஸ் சோதனைக் கரைசலில் சரிபார்த்து, இரவு முழுவதும் இறைக்காத கிணற்றில் விடியற்காலை இறக்குங்கள். அரை மீட்டருக்கு ஒரு வாசிப்பு. மேலிருந்து கீழே மட்டும், மெதுவாக; இழுத்து இழுத்து இறக்கினால் அடுக்குகள் கலந்துவிடும். முனையில் காற்றுக்குமிழி ஒட்டினால் வாசிப்பு குறைத்துக் காட்டும், லேசாக அசைத்துவிடுங்கள். எல்லா வாசிப்பும் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலைக்குத் திருத்தியதாக இருக்கட்டும்: ஒரு பாகை வித்தியாசம் சுமார் 2 சதவீதம். இறைத்து முடித்த உடனே இன்னொரு முறை. அடியில் மட்டும் எண் ஏறியிருந்தால் உப்பு கீழிருந்து கூம்பாக எழுகிறது என்று சந்தேகிக்கலாம்.

இ.சி. மட்டும் போதாது, கடலுப்பில் இருக்கும் குளோரைட்டும் பாருங்கள். இ.சி. கூடியும் குளோரைட் கூடவில்லையென்றால் கடலைக் குறை சொல்ல முடியாது. உரமோ சுண்ணக்கல் கரைவதால் வரும் நீரின் கடினத்தன்மையோ காரணமாகலாம்.

பதில் 3
நான்கு மணித்தியாலத்தை விடியலும் மாலையுமாகப் பிரியுங்கள், சிறிய மோட்டரால் மெதுவாக இறையுங்கள். ஃபுட் வால்வை (உறிஞ்சு குழாயின் அடிமுனை வால்வு) மிதவையில் கட்டி, தண்ணீர் மேற்பரப்புக்கு அரை மீட்டர் கீழே தொங்கவிடுங்கள். அதற்கும் மேலே வந்தால் காற்று இழுக்கும். வெங்காயம் உப்புத் தாங்காது: பாசன நீரின் இ.சி. 800ஐத் தாண்டும்போதே விளைச்சல் குறையத் தொடங்கும், 2,900 அளவில் பாதியாகும்.

அந்தக் கிணற்றில் யாராவது குடித்தால் நைத்திரேற்றையும் பாருங்கள். வெங்காயத்துக்குப் போடும் யூரியா நைத்திரேற்றாக மாறி இந்தக் கல்லில் வடிபடாமல் இறங்கும். போத்தலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுங்கள். அறிக்கையில் அலகைக் கவனியுங்கள்: குடிநீருக்கான எல்லை நைத்திரேற்றாக 50 மி.கி./லீற்றர், நைதரசனாக எழுதியிருந்தால் 11.3. இதைக் குழப்பி, 20 என்று பார்த்து நிம்மதியடைகிறவர்கள் உண்டு. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, செறிவுதான் கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்கவே வேண்டாம்.