சிப்பிப்பாறை நாய் கயிற்றைப் பிடித்து இழுக்காமல் நடக்கப் பழக்குவது எப்படி?

மதுரைப்பொண்ணு:
எங்கள் சிப்பிப்பாறைக்குப் பத்து மாதம். வீட்டுக்குள் இருக்கும் இடமே தெரியாது, கேட்டைத் திறந்தால் போதும், தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுக்கிறான், அதுவும் ஆடோ பூனையோ கண்ணில் பட்டுவிட்டால் நான் கூப்பிடுவது காதிலேயே விழாது. கடையில் இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயின் போடச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. வேறு வழி இருக்கிறதா?

கரிசல்காடு:
சோக் செயின் வேண்டவே வேண்டாம் அக்கா. முயல் வேட்டைக்கு வளர்த்த இனம், அசைகிற எதையும் துரத்துவது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. இன்னொரு நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலித்தால் அந்த நாயால்தான் வலி என்று மனதில் பதிந்துவிடும், அப்புறம் கண்ட நாயிடமெல்லாம் பாயும். கயிறு இறுகியதும் அப்படியே நின்றுவிடுங்கள், பதிலுக்கு இழுக்காதீர்கள், அதட்டாதீர்கள். அவன் திரும்பிப் பார்த்துக் கயிறு தொய்ந்த அந்த நொடியில் ‘சரி’ என்று சொல்லி வேகவைத்த கோழித்துண்டு ஒன்று கொடுத்துவிட்டு நடங்கள். உங்கள் தொடையை ஒட்டிக் கையை வைத்துக் கொடுக்க வேண்டும், முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னால்தான் வந்து நிற்பான். முதலில் மொட்டை மாடியில் பழக்குங்கள். தெருவுக்கு வந்த புதிதில் முனையைக்கூடத் தாண்ட முடியாது, பரவாயில்லை.

நாலுகால்நேசன்:
கழுத்து பெல்ட்டையும் கவனியுங்கள். இந்த இனத்துக்குத் தலை ஒடுக்கம், பின்வாங்கித் தலையை உருவினால் சாதாரண பெல்ட் கழன்று வந்துவிடும், தெருவில் அது பெரிய ஆபத்து. மார்ட்டிங்கேல் என்று அகலமான பெல்ட் கிடைக்கிறது, அளவு பார்த்து மாட்டினால் தலை உருவாத அளவுக்கு மட்டும் இறுகும், நெரிக்காது. தானாகச் சுருண்டு நீளும் கயிறு வாங்கவே வாங்காதீர்கள். இழுத்தால் கயிறு நீளும் என்பதைத்தான் அது கற்றுக்கொடுக்கும்.

மதுரைப்பொண்ணு:
ரொம்ப நன்றி. காலையில் அப்பாதான் கூட்டிப்போகிறார், அவன் இழுத்த பக்கமெல்லாம் அவரும் போய்விடுகிறார். அதனால் கெட்டுப்போகுமா?

கரிசல்காடு:
கண்டிப்பாகக் கெடும். பத்துத் தடவையில் ஒரு தடவை பலித்தாலும் அவன் இழுப்பதை விடமாட்டான். அப்பாவை மாற்றுவது கஷ்டம் என்றால் இப்போதைக்கு அவர் போகும்போது மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ், நீங்கள் பழக்கும்போது பெல்ட் என்று பிரித்துவிடுங்கள், எது மாட்டினால் எப்படி நடக்க வேண்டும் என்று நாய்க்குப் புரியும். பழக்குவதற்கு முன் சுற்றுச்சுவர் உள்ள இடத்தில் அவிழ்த்துவிட்டு ஆசை தீர ஓடவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், சித்திரையில் தார் ரோடு பாதத்தைச் சுட்டுவிடும்.