புதுப்பிப்பு: அம்மாவுடன் கென்யா பயணம், மஞ்சள் காய்ச்சல் ஊசி, சென்னை வழியாகத் திரும்பியது

அம்மாவைக் கூட்டிக்கொண்டு கென்யா போய், சென்னையில் உறவினர்களைப் பார்த்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்ப என்னென்ன தடுப்பூசி வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. நல்லபடியாக வந்து சேர்ந்தோம்.

கைகொடுத்தது, "சென்னைக்கும் சேர்த்துப் பாருங்கள்" என்ற யோசனைதான். கென்யாவிலிருந்து வருவோரிடம் சிங்கப்பூரைப் போலவே இந்தியாவும் மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்கிறது. சென்னையில் குடிநுழைவு வரிசைக்கு முன்பே அந்தச் சான்றிதழான மஞ்சள் புத்தகத்தை வாங்கி, ஊசி போட்ட தேதியையும் கடப்பிதழ் எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்தார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும்; பிறகு ஆயுளுக்கும் போதும்.

எதிர்பாராத விஷயம் ஒன்று. அம்மாவுக்கு 60 வயது தாண்டிவிட்டதால் மருத்துவர் உடனே ஊசி போடவில்லை. இது வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. முதல்முறை போட்டுக்கொள்ளும் மூத்தோருக்குக் கடுமையான பக்கவிளைவு அரிதுதான், ஆனாலும் இளையவர்களைவிடக் கூடுதல். பழைய நோய்கள், சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் பொறுமையாக விசாரித்த பிறகே போட்டார். வயதான பெற்றோரோடு போகிறவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே மருத்துவரைப் பாருங்கள்.

மலேரியா வராமல் தடுக்க மலரோன் என்ற மாத்திரை கொடுத்தார்கள். மலேரியா உள்ள இடத்தைவிட்டு வந்த பிறகும் 7 நாள் சாப்பிட வேண்டும். சென்னை வந்ததும் அம்மா நிறுத்தப் பார்த்தார், நான் விடவில்லை.